ரேவன்ஸ்பிக்கு ஆறு மைல்

கீரன் ஆம்ப்ளர் ரேவன்ஸ்பிக்குப் போகப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டபோது மைதானத்து வேலியோரத்தில் நின்றிருந்தேன், என் கையில் சுடச்சுட இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் ஒன்று இருந்தது. அதை அப்படியே ட்ரெவரின் மூஞ்சியில் அப்பியிருப்பேன். செய்தி சொன்னவன் அவன்தான். அதையும் பல்லை இளித்துக்கொண்டு சொன்னான்.

"போடா, புளுகாத" என்றேன்.

"நான் எதுக்கு ஜானிஸ் புளுகணும்? அவனே போய் கிளப் தலைவியைப் பாத்து, என்னை விட்டுருங்கன்னு கேட்டிருக்கான். ஒப்பந்தம் அடுத்த சீசன் வரைக்கும் கிடக்கு. நடு சீசன்ல கழட்டிக்கிறானாம். அதுவும் எவனுங்களுக்கு? அந்த நீலச் சட்டைப் பயலுவளுக்கு!"

நாங்கள் கால்டர்ஷாக்காரர்கள். ரேவன்ஸ்பி எங்களுக்கு ஆறு மைல் தள்ளி. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த வழித்தடத்தில் பஸ் ஓட்டியவள் நான். அத்தனை வருஷத்தில் அந்த ஊரில் ஒரு வாய் டீ வாங்கிக் குடித்ததில்லை. ஃப்ளாஸ்கில் கொண்டுபோய்விடுவேன். கீரன் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்றிருந்தால் ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுத்துக் கட்டிப்பிடித்து அனுப்பியிருப்போம். ஆறு மைல் போகிறேன் என்றால் எப்படிப் பொறுக்கும்?

கீரன் எங்கள் ஒன்பதாம் நம்பர். ரக்பி லீகில் நம் ஆளை எதிராளி கவிழ்த்துவிட்டால், அவன் எழுந்து பந்தைக் காலுக்குப் பின்னால் உருட்டுவான். அதை முதலில் கையில் எடுத்து எந்தப் பக்கம் போகும் என்று முடிவு செய்கிறவன் இந்த ஒன்பதாம் நம்பர்தான். கீரன் எடுத்தால் எதிராளிக்கு மூச்சு வாங்கும். கண்ணில் விரலை விட்டு ஆட்டுவான். இந்த வருஷம் நாங்கள் மேல் பிரிவுக்குப் போகக்கூடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததென்றால் அது அவனை நம்பித்தான்.

அவனுடைய அப்பன் டெரிக், வேலியோரத்தில் எனக்கு இடப்பக்கம் நிற்கிறவன். கீரன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான் நிற்கிறான். கீரனை அவன் தனியாளாகத்தான் வளர்த்தான். அம்மாக்காரி ஒருத்தனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். 'அது பரவால்ல, ரேவன்ஸ்பிக்குப் போகலையே' என்பான் ட்ரெவர், டெரிக் உட்பட எல்லோரும் சிரிப்போம்.

அன்று ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஆட்டக்காரர்கள் வேலியோரமாக ஒரு சுற்று வந்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் மைதானத்தில் அது உண்டு. சேறு அப்பிய கையால் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, 'வந்ததுக்கு ரொம்ப நன்றி' என்பார்கள். கீரன் மட்டும் அவன் அப்பனுக்குக் கை கொடுக்கமாட்டான். டெரிக்கின் கம்பளித் தொப்பியைப் பிடித்துக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டு, மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். டெரிக் அதற்காக முன்கூட்டியே தலையைக் குனிந்து கொடுப்பான். 'தொப்பிய விடுடா தடியா!' என்று கத்துவான். பிறகு அன்று முழுக்க அந்தத் தொப்பியைச் சரிசெய்யமாட்டான், கோணலாகவே திரிவான்.

அன்றும் கீரன் தொப்பியை இழுத்தான். ஆனால் அவன் வருகிற வழியில் பத்துப் பேராவது முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான் திரும்பிக்கொண்டேன். டெரிக் 'தடியா' என்று கத்தவில்லை.

எங்கள் கிளப்புக்கு முதலாளி என்று ஒருத்தன் கிடையாது. சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப், உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். ரேவன்ஸ்பிக்கு ஒரு பணக்காரன் வந்து, ஆட்டக்காரர்களுக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்கிறான். எங்கள் பையன்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் வந்து பயிற்சி எடுக்கிறவர்கள். கீரன் விஷயத்தில் நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அப்படியானால் உறுப்பினர் கூட்டம் கூட்டியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற வேலை எல்லாம் கிடையாது. வேலைநிறுத்தத்துக்குச் சுரங்க வாசலில் கை தூக்கிய பழக்கம். எவன் கை எந்தப் பக்கம் என்று எல்லோரும் பார்த்தாக வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. நச்சுநச்சென்று தூறல். நான் பழுப்புத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஆன்ட்டி, இந்த வாரம் பச்சைத் தொட்டி" என்றது ஒரு குரல். கீரன். பகலில் குப்பை வண்டியில்தான் அவனுக்கு வேலை. மஞ்சள் சட்டை, கண்ணுக்கு மேலே தையல், விரல் இரண்டை டேப் போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தான்.

"எந்தத் தொட்டின்னு எனக்கு நீ சொல்லித் தர வேணாம். நீ ரேவன்ஸ்பியில போய்ச் சொல்லிக் குடு" என்றேன்.

பச்சைத் தொட்டியை அவனே போய் எடுத்துவந்தான். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வளைக்காமல் கட்டையாக இறக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கால் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவள் நான். என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

"என்னடா காலு?"

"காலைல மடங்காது ஆன்ட்டி. பத்து மணிக்கு மேல சரியாயிடும்." வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கீரன் கையைக் காட்டி இருக்கச் சொன்னான். "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இது. சாயங்காலம் பயிற்சி. என் பொண்ணு முழிச்சிருக்கும்போது நான் அவளைப் பாக்குறதே மேட்ச் அன்னிக்குத்தான், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம். அங்க போனா ரக்பி மட்டும்தான் வேலை. மத்தியானம் தூங்கலாம். எனக்கு இருபத்தேழு ஆச்சு. இப்ப கேக்குறாங்க. அடுத்த வருஷம் இந்தக் காலை வெச்சிட்டு எவன் என்னைக் கேப்பான்?"

"வேற ஊரே கிடைக்கலையாடா உனக்கு?"

"வேற யாரும் கேக்கலையே ஆன்ட்டி." சிரித்தான். சின்ன வயதில் பல் விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. "நான் துரோகம் பண்றேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைச்சேன். இப்ப நினைக்கல. போ, வண்டிக்காரன் கத்துறான்."

அவன் போகாமல் நின்றான். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்காகக் கை தூக்கச் சொல்லல. அது அவரால முடியாது, தெரியும். சும்மா உக்காந்திருந்தாப் போதும். எனக்கு எதிரா மட்டும் வேணாம்."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். 'ம்'னாரு. அப்புறம் டிவி பாத்தாரு."

கூட்டத்தன்று டெரிக்கோடு சேர்ந்து நடந்தே போனேன், வேண்டுமென்றேதான். கீரன் சொன்னதை அப்படியே சொன்னேன். "நீ எந்தப் பக்கமும் தூக்காத. மடியில கைய வெச்சிட்டு உக்காரு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

"ம்" என்றான்.

"என்னய்யா ம்? வாயத் தொறந்து சொல்லு."

"எல்லாம் என்னைத்தான் பாக்குறானுங்க ஜானிஸ். பேப்பர் வாங்கப் போனா கடைக்காரன் பாக்குறான். 'ரத்தம் தண்ணியைவிடக் கெட்டியாமே'ங்கிறான். ஒருநாளும் நான் கிளப்புக்கு மேல எதையும் வெச்சதில்ல. உனக்குத் தெரியும்."

"தெரியும். அதைக் கடைக்காரனுக்கு நிரூபிக்கணும்னு என்ன வந்துச்சு உனக்கு?"

அவன் மழைக்குத் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டான்.

கிளப்பின் மாடி அறை நிறைந்திருந்தது. ஈரக் கோட்டு வாடையும் பீர் வாடையும். கீரன் கடைசியில், கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தன் சார்பாகப் பேச ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான். தலைவி பாலின் ஆரம்பத்திலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "சமமா வந்தா முடிவு என்னோடது. நான் அவனை விட்டுருவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அழக்கூடாது."

ட்ரெவர் எழுந்தான். கறிக்கடைக்காரன், கத்திப் பேசுவது அவனுக்குக் கடையிலிருந்தே பழக்கம். "ஆறு வயசுல இந்த மைதானத்துல பந்து பொறுக்கிப் போட்டவன் அவன். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு? இந்த ரூம்ல இருக்குறவங்க. புனித வெள்ளிக்கு ரேவன்ஸ்பிக்காரனுங்க இங்க ஆட வர்றானுங்க. நம்ம ஒன்பதாம் நம்பரு நீலச் சட்டை போட்டுட்டு நம்ம மேலயே ஓடி வரணுமா? வெக்கமா இல்ல?"

"பூட்ஸ் வாங்கிக் குடுத்தா ஆளையே வாங்கிட்டதா அர்த்தமா?" என்று நான் உட்கார்ந்தபடியே கத்தினேன்.

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. மாவிஸ் கிழவி வாயைப் பிளந்தாள். "ஜானிஸ்! நீயாடி இது? ரேவன்ஸ்பி டீயைக்கூடத் தொடமாட்டியே!"

"இப்பவும் தொடமாட்டேன். ஆனா மடங்காத காலோட அந்தப் பையன் என் தொட்டிய தூக்குறான். நீங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை அவன் காலைப் பாக்குறீங்க, நான் புதன்கிழமை பாத்தேன். அவனுக்கு இது கடைசி வாய்ப்பு. கட்டிப் போட்டு என்ன சாதிக்கப் போறோம்? மனசு இல்லாம ஆடுவானா?"

"ஆடுவான்" என்றான் ட்ரெவர். "அவன் டெரிக் பெத்த புள்ள. ஆடாம இருக்கத் தெரியாது அவனுக்கு. அதுதான் எனக்கு வேணும்."

சிலர் சிரித்தார்கள். கைதட்டலும் கேட்டது. இன்னொருத்தன், 'இன்னிக்கு இவனை விட்டா நாளைக்கு எல்லாவனும் பெட்டியைக் கட்டுவான்' என்றான். 'குப்பை அள்ளுறவன் ஒருத்தன் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே' என்று சுவரோரமாக நின்ற ஒரு பெண் சொன்னாள். ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்தினார்கள். பாலின் காலிக் கோப்பையால் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள்.

"போதும். விட்டுரலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

நான் தூக்கினேன். எதிர்பார்த்ததைவிட அதிகக் கைகள். கிளப் ஆள் ஒருத்தன் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போனான். அப்புறம் விடக்கூடாது என்றவர்களை எண்ணினான். திரும்பவும் எண்ணினான். பாலினின் காதில் ஏதோ சொன்னான்.

"சமம்" என்றாள் பாலின்.

எனக்கு மூச்சு வந்தது. திரும்பிக் கீரனைப் பார்த்தேன். கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டான். அவ்வளவுதான், முடிந்தது, பையன் பிழைத்தான் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றான் ட்ரெவர். மெதுவாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. "ஒருத்தர் கை எந்தப் பக்கமும் வரலையே."

எல்லாத் தலைகளும் டெரிக்கின் பக்கம் திரும்பின. அவன் என் பக்கத்து நாற்காலியில், மடியில் தொப்பியை வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தான்.

"தூக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றாள் பாலின்.

"கட்டாயம் இல்லதான். நான் சும்மா கேட்டேன்" என்றான் ட்ரெவர்.

நான் டெரிக்கின் கையைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன், பஸ்ஸில் கியரைப் பிடிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்தேன். "வேணாம்யா" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. நேரே சுவரில் மாட்டியிருந்த பழைய அணிப் படங்களைப் பார்த்துக்கொண்டு, என் பிடியிலிருந்து கையை உருவித் தூக்கினான்.

"எதுக்கு அந்தக் கை, டெரிக்?" பாலினின் குரல் இறங்கிவிட்டது.

"விடக்கூடாதுங்கிறதுக்கு."

பாதி அறை எழுந்து நின்று கைதட்டியது. யாரோ அவன் முதுகில் அறைந்தார்கள். 'அதான்யா கால்டர்ஷா!' என்று ஒருத்தன் கத்தினான். நான் திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் கீரன் இல்லை. கதவைப் படாரென்று அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கார் நிறுத்துமிடத்தில் டெரிக்கை மறித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கையை மடியில வெச்சிருந்தாப் போதுமே! அது ஒண்ணுதானே அவன் கேட்டான்?"

"எல்லாரும் என் கையையே பாத்தாங்க ஜானிஸ்."

"பாக்கட்டுமே! பாத்தா தேஞ்சா போயிடும்?"

"தூக்கலைன்னா அப்புறம் அந்த வேலியில நான் எப்படி நிக்கிறது?" தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான். "எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. ஞாயித்துக்கிழமை இருக்கு. அந்த வேலி இருக்கு. அவன் புரிஞ்சிக்குவான். கிளப்புன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரேவன்ஸ்பி வேறொருத்தனைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கீரன் பயிற்சிக்கு ஒருநாள்கூடத் தவறவில்லை. யாரிடமும் கடுகடுக்கவில்லை. தொட்டி எடுக்க வரும்போது, 'இன்னிக்குப் பழுப்பு, ஆன்ட்டி' என்று சிரித்தான். அப்பனைப் பற்றிக் கேட்டால், 'நல்லா இருக்காரு' என்றான். இடையில் வெளியூர் ஆட்டங்கள் இரண்டு மட்டும் நடந்தன, டெரிக் முதுகுவலி என்று போகவில்லை.

புனித வெள்ளி வந்தது. மைதானம் பிதுங்கியது. எதிர்ப்பக்கம் முழுக்க நீலம். டெரிக் எனக்கு முன்னாலேயே வந்து எங்கள் இடத்தைப் பிடித்துவைத்திருந்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். ட்ரெவர் அவனுக்கு இறைச்சிப் பலகாரமும் பட்டாணியும் வாங்கிவந்து கொடுத்தான். டெரிக் அதைத் தின்னவில்லை, ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தான்.

அன்று கீரன் ஆடியதைப் போல ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ட்ரெவர் சொன்னது சரிதான், பாவி. ஆடாமல் இருக்கத் தெரியாது அவனுக்கு. தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களை இடுப்பில் பிடித்துச் சாய்த்தான். சாய்த்த கையோடு எழுந்து அடுத்தவனைப் பிடித்தான். கடைசியில் ஸ்கோர் சமமாக இருந்தபோது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எடுத்தான். இடது பக்கம் கொடுப்பது போலக் காட்டினான், கொடுக்கவில்லை. இரண்டு நீலச் சட்டைக்காரர்களைச் சுமந்துகொண்டு பந்தோடு கோட்டுக்கு அப்பால் விழுந்தான், புள்ளிகள் எங்களுக்கு.

நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. வேலியே ஆடியது. பக்கத்தில் டெரிக் குதிக்கவில்லை. இரண்டு கையாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிடா, எந்திரி" என்று முனகிக்கொண்டிருந்தான். கீரன் எழுந்தான். வலது காலைத் தரையில் ஊன்றத் தயங்கி, ஊன்றினான்.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். பையன்கள் வேலியோரமாகச் சுற்று வந்தார்கள். கீரன் நொண்டிக்கொண்டே கடைசியாக வந்தான். முதுகைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது கம்பிக்கு மேலே எக்கி எக்கிக் கை நீட்டினார்கள். அவன் யாரையும் விடவில்லை, ஒவ்வொரு கையாகப் பிடித்தான். "வந்ததுக்கு ரொம்ப நன்றி. வந்ததுக்கு ரொம்ப நன்றி." ட்ரெவருக்கும் அதே. எனக்கு மட்டும் கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தான். அவன் உள்ளங்கை கொதித்தது.

டெரிக் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். இழுக்கத் தோதாக, நெற்றியில் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டான். பிறகு வேலிக்கு மேலாகத் தலையைக் குனிந்தான்.

கீரன் அவனெதிரே வந்து நின்றான். குனிந்திருந்த தொப்பியை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் கம்பியின் மேலிருந்த அப்பனின் வலது கையை எடுத்து, மற்றவர்கள் கையைக் குலுக்கியது போலவே குலுக்கினான்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றான். அடுத்த கைக்கு நகர்ந்தான்.

டெரிக் தலையை நிமிர்த்தவில்லை. மகன் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, அப்படியே குனிந்தபடி நின்றான். எங்களுக்குப் பின்னாலிருந்து ட்ரெவர் கத்திக்கொண்டே இருந்தான்: "நம்ம பையன்யா அவன்! நம்ம பையன்!"